எபிசோட் 37: முகத்துக்கு எந்த விதை எண்ணெய்? பதில் கிச்சன் பாக்கெட்ல இருக்கு

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியிருக்கிறோம்.

இந்த வாரத் தலைப்பு நீங்க கேட்டு வாங்கினது. கொஞ்ச நாளா மெயில்ல ஒரே கேள்வி வேற வேற வேஷத்துல வந்துட்டே இருக்கு. "ரோஸ்ஹிப் ஆயில் வாங்கலாமா?" "ஆர்கன் ஆயில் போட்டா பரு வருமா?" "குழந்தைக்கு ஆலிவ் ஆயில் மசாஜ் பண்றோம், ஓகேவா?" "நேச்சுரல்தானே ப்ரோ, என்ன ஆகிடப் போகுது?"

அந்தக் கடைசிக் கேள்வியில இருந்தே ஆரம்பிக்கலாம். "நேச்சுரல்"ங்கிற வார்த்தை ஒரு எண்ணெயைப் பத்தி கிட்டத்தட்ட எதுவுமே சொல்றதில்ல. சூரியகாந்தி எண்ணெயும் நேச்சுரல்தான், கடுகு எண்ணெயும் நேச்சுரல்தான், வேப்பெண்ணெயும் நேச்சுரல்தான். ஆனா தோல் மேல போட்டா மூணும் மூணு விதமா நடந்துக்கும். அந்த வித்தியாசத்துல பெரும்பகுதியை ஒரே ஒரு தகவல் சொல்லிடும்: அந்த எண்ணெய்ல எந்தக் கொழுப்பு அமிலம் எவ்வளவு இருக்கு?

இதுல வேடிக்கை என்னன்னா, சொட்டு மருந்து மாதிரி குழாய் வச்ச அழகான 30 மில்லி பாட்டில்ல அந்தத் தகவல் பெரும்பாலும் இருக்காது. உங்க வீட்டு அடுப்பு பக்கத்துல இருக்கிற ஒரு லிட்டர் பாக்கெட்ல இருக்கும்! இன்னைக்கு அதைப் படிக்கக் கத்துக்கப் போறோம்.

வழக்கம்போல ஒரு விஷயம்: நான் கோட் எழுதுற ஆளு, தோல் டாக்டர் இல்ல. படிச்சுப் புரிஞ்சதைச் சொல்றேன். கரப்பான், எக்ஸிமா, விடாம வர்ற பருன்னு ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட போங்க. வண்டி ஓட்டிட்டே கேக்குறவங்க எண்களை ஞாபகம் வச்சுக்க வேணாம், எல்லாம் இந்தப் பக்கத்துல எழுத்தா இருக்கு.

தோல் ஒரு சுவர்

நம்ம தோலோட ஆக மேல் அடுக்கு ஒரு தாளைவிட மெல்லிசு. அதுல இருக்கிறது செத்துப் போன, தட்டையான செல்கள். பாட புத்தகங்கள்ல இதை ஒரு செங்கல் சுவரோட ஒப்பிடுவாங்க. செல்கள்தான் செங்கல். செங்கல்களுக்கு நடுவுல இருக்கிற சிமென்ட், ஒரு கொழுப்புக் கலவை. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இந்த மூணும் அடுக்கடுக்கா சேர்ந்தது அது. உடம்புல இருக்கிற தண்ணி வெளிய போகாம பாத்துக்கிறதும், வெளிய இருக்கிற கிருமி உள்ள வராம பாத்துக்கிறதும் இந்தச் சுவரோட வேலை. இதைத்தான் எல்லா விளம்பரத்துலயும் "ஸ்கின் பேரியர்"னு சொல்றாங்க.

அந்த சிமென்ட்ல சேர்ற ஒரு முக்கியமான பொருளை நம்ம உடம்பால தயாரிக்கவே முடியாது. அதோட பேர் லினோலெயிக் ஆசிட். சாப்பாட்டுல இருந்துதான் வரணும். இது தெரிய வந்த கதை சுவாரஸ்யமானது. 1929-ல அமெரிக்காவோட மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் பர், மில்ட்ரட் பர்னு ஒரு தம்பதி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு கொடுத்துப் பாத்தாங்க. அதுவரைக்கும் கொழுப்புன்னா வெறும் கலோரி, அது இல்லைன்னாலும் மாவுச்சத்தை வச்சு சமாளிச்சுடலாம்னுதான் பொதுவா நினைச்சிட்டு இருந்தாங்க. ஆனா அந்த எலிகளோட தோல் செதில் செதிலா ஆயிடுச்சு, வளர்ச்சி நின்னுச்சு, தண்ணி நிறையக் குடிச்சுது. தோல் வழியா ஈரம் போயிட்டே இருந்தா தாகம் எடுக்கத்தானே செய்யும்? லினோலெயிக் ஆசிட் கொடுத்ததும் சரியாச்சு. "அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்"ங்கிற சொல்லே அங்க இருந்துதான் வந்துச்சு.

நம்ம தலைப்புக்கு நேரா வர்ற ஆராய்ச்சி 1975-ல வந்துச்சு. உடம்புல இந்த அமிலம் குறைஞ்சு போன நோயாளிகளோட தோல்ல சூரியகாந்தி விதை எண்ணெயைப் பூசினாங்க. சாப்பிடக் கொடுக்கல, பூச மட்டும்தான் செஞ்சாங்க. பூசின இடத்துல செதில் குறைஞ்சுது, தண்ணி இழப்பும் குறைஞ்சுது. அதாவது எண்ணெய்ல இருக்கிற லினோலெயிக் ஆசிட் தோல் மேல சும்மா உக்காந்திருக்காம, சுவரோட சிமென்ட்ல போய்ச் சேருது. விதை எண்ணெய்க்கு தோல் பராமரிப்புல ஒரு உண்மையான இடம் இருக்குன்னு சொல்ல அடிப்படையே இதுதான்.

ரெண்டு அமிலம், ரெண்டு குணம்

இப்ப இன்னொரு கேரக்டரை அறிமுகப்படுத்துறேன்: ஒலெயிக் ஆசிட். ஆலிவ் எண்ணெய்ல முக்கால் பங்கு வரைக்கும் இதுதான். சாப்பாட்டுல நல்ல பேர் எடுத்தது. தோல்ல அந்தப் பேர் அப்படியே தொடர்றதில்ல.

மருந்து தயாரிக்கிறவங்களுக்கு ஒலெயிக் ஆசிட் வேற காரணத்துக்காகப் பரிச்சயம். தோல் வழியா மருந்தை உள்ள அனுப்பணும்னா சுவர்ல கொஞ்சம் இடைவெளி விழணும். அதுக்கு உதவி பண்ற பொருட்கள்ல ஒலெயிக் ஆசிட் ரொம்பப் பிரபலம். சிமென்ட்டோட ஒழுங்கான அடுக்கை அது கலைச்சு விடும். மருந்து உள்ள போகணும்னா இது நல்ல குணம். காய்ஞ்ச, அரிக்கிற தோலுக்கு இது வேண்டாத குணம்.

"எண்ணெய்ல அது தனி அமிலமா இருக்காதே, கிளிசராலோட சேர்ந்து ட்ரைகிளிசரைடாதானே இருக்கும்?"னு கெமிஸ்ட்ரி படிச்சவங்க கேப்பீங்க. சரிதான். ஆனா தோல்ல இருக்கிற என்சைம்களும், தோல்ல குடியிருக்கிற நுண்ணுயிர்களும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு விட்டுடும்.

இங்கிலாந்துல ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆட்கள் இதை நேரடியா சோதிச்சு 2013-ல வெளியிட்டாங்க. சின்ன ஆராய்ச்சிதான், 19 பெரியவங்க. ஒரு குழுவுல ஒரு கையில ஆலிவ் எண்ணெய், இன்னொரு கையில சூரியகாந்தி எண்ணெய். தினம் ரெண்டு வேளை, வேளைக்கு சில சொட்டு, நாலு வாரம். ஆலிவ் எண்ணெய் போட்ட இடத்துல தோல் சுவர் பலவீனமாச்சு, லேசா சிவந்தும் போச்சு. சூரியகாந்தி போட்ட இடத்துல சுவர் அப்படியே இருந்துச்சு, ஈரப்பதம் கூடுச்சு.

19 பேரை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனா ஏற்கனவே நமக்குத் தெரிஞ்ச வேதியியலோட இது ஒத்துப்போகுது. அதனால ஒரு அடிப்படை விதியா எடுத்துக்கலாம்: வறண்ட, எளிதா எரிச்சல் ஆகிற தோலா இருந்தா, லினோலெயிக் அதிகம் இருக்கிற எண்ணெயைத் தேடுங்க. ஒலெயிக் அதிகம் இருக்கிறதைத் தள்ளி வைங்க.

எந்த எண்ணெய்ல என்ன இருக்கு

இப்ப ஸ்பெக் ஷீட். விதையோட ரகம், விளைஞ்ச இடத்தைப் பொறுத்து எண்கள் கொஞ்சம் மாறும். தோராயமான அளவா எடுத்துக்கோங்க.

சூரியகாந்தி: லினோலெயிக் 50 முதல் 70 சதவீதம். ஆனா "ஹை ஒலெயிக்"னு ஒரு ரகம் இருக்கு. அதுல கணக்கு தலைகீழ், ஒலெயிக் 75 சதவீதத்துக்கும் மேல. பேர் ஒண்ணு, குணம் வேற.

குசும்பா: லினோலெயிக் 70 முதல் 80. கடையில சாஃப்ளவர்னு கேட்டா கிடைக்கும். இதுலயும் ஹை ஒலெயிக் ரகம் உண்டு.

திராட்சை விதை: லினோலெயிக் 70 ஒட்டி.

ரோஸ்ஹிப்: லினோலெயிக் 45 ஒட்டி, அதோட ஆல்ஃபா லினோலெனிக்னு இன்னொரு அமிலம் 30 ஒட்டி.

நல்லெண்ணெய்: ரெண்டும் கிட்டத்தட்ட சரிபாதி, தலா 40 ஒட்டி.

ஆர்கன்: மொராக்கோவுல வளர்ற மரத்தோட விதைப் பருப்புல இருந்து எடுக்கிறது. ஒலெயிக் 45 ஒட்டி, லினோலெயிக் 35 ஒட்டி. நம்ம நல்லெண்ணெய்க்குப் பக்கத்துல வந்து நிக்குது, பாத்தீங்களா?

பாதாம்: ஒலெயிக் 60 முதல் 70. ஆலிவ் பக்கம் சாய்ற ஆளு.

விளக்கெண்ணெய்: 85 முதல் 90 சதவீதம் ரிசினொலெயிக்னு தனி அமிலம். அதனாலதான் அவ்வளவு கெட்டி, அவ்வளவு பிசுக்கு. "ஆமணக்கு விதையில விஷம் இருக்கே?"ன்னு கேட்டிருந்தீங்க. ரிசின்ங்கிற அந்த விஷம் ஒரு புரதம். அது எண்ணெய்ல கரையாது, பிண்ணாக்குலயே தங்கிடும்.

ஜோஜோபா: பேர்ல ஆயில் இருந்தாலும் இது வேதியியல்படி ஒரு திரவ மெழுகு. அதனால சீக்கிரம் கெடாது. திமிங்கில எண்ணெய்க்கு 1970-கள்ல அமெரிக்காவுல தடை வந்தப்போ, மாற்றா இதைத்தான் தேடிப் போனாங்க.

தேங்காய் எண்ணெய் எங்கன்னு கேப்பீங்க. தேங்காப் பருப்பும் விதையோட பாகம்தான். அதுல பாதி லாரிக் ஆசிட், லினோலெயிக் வெறும் 1, 2 சதவீதம். நான் சொன்ன விதிப்படி அது சுமாரா வேலை செய்யணும். ஆனா பிலிப்பைன்ஸ்ல எக்ஸிமா இருக்கிற 117 குழந்தைகளை வச்சு 8 வாரம் நடந்த ஒரு ஆராய்ச்சி 2014-ல வந்துச்சு. மினரல் ஆயிலைவிட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நல்ல பலன் கொடுத்துச்சு. லாரிக் ஆசிட்டுக்குச் சில பாக்டீரியாவை அடக்குற குணம் உண்டு. எக்ஸிமா தோல்ல பாக்டீரியா தொந்தரவு அதிகம். அதனால நம்ம விதி ஒரு நல்ல ஆரம்பம், ஆனா அதை வச்சே எல்லாத்தையும் முடிவு பண்ணிட முடியாது.

இப்ப கிச்சனுக்குப் போங்க

உங்க சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்புங்க. ஊட்டச்சத்துக் கட்டம் ஒண்ணு இருக்கும். அதுல 100 கிராமுக்கு சாச்சுரேட்டட், மோனோ அன்சாச்சுரேட்டட், பாலி அன்சாச்சுரேட்டட்னு மூணு வரி இருக்கும். சுருக்கமா மூஃபா, பூஃபான்னும் போட்டிருப்பாங்க. தாவர எண்ணெய்கள்ல மோனோ வரியில இருக்கிறது பெரும்பாலும் ஒலெயிக். சூரியகாந்தி, நல்லெண்ணெய் மாதிரி எண்ணெய்கள்ல பாலி வரியில இருக்கிறது கிட்டத்தட்ட முழுக்க லினோலெயிக். அவ்வளவுதான், படிச்சு முடிச்சாச்சு! பாலி எண் மோனோவைவிட நல்லா அதிகமா இருந்தா, அது நம்ம தேடுற எண்ணெய். சூரியகாந்தி பாக்கெட்ல மோனோ பெருசா இருந்துச்சுன்னா, அது ஹை ஒலெயிக் ரகமா இருக்கும், இல்ல கலப்பு எண்ணெயா இருக்கும்.

"சரி, ஆனா கிச்சன் எண்ணெய் ரீஃபைண்ட் ஆச்சே, அழகுக்கு விக்கிறது கோல்ட் பிரஸ்டு ஆச்சே?" நியாயமான கேள்வி. ரீஃபைன் பண்ணும்போது நிறம், வாசனை, புரதத் துணுக்கு, வைட்டமின் ஈ-ல ஒரு பகுதி இதெல்லாம் போகும். கொழுப்பு அமிலங்களோட விகிதம் பெருசா மாறாது. செக்கு எண்ணெய்ல வாசனையும் வைட்டமினும் மிஞ்சும், ஆனா ஒவ்வாமை உண்டாக்குற புரதமும் மிஞ்சலாம். எரிச்சல் ஆகிற தோலுக்கு வாசனை இல்லாத ரீஃபைண்ட் எண்ணெய்தான் பல நேரம் பாதுகாப்பான பக்கம். இன்ஸ்டாகிராம்ல இதைச் சொன்னா அடிக்க வருவாங்க, பரவாயில்ல.

ஒரு சின்னக் கணக்கு. 30 மில்லி பாட்டில் 600 ரூபாய்னு வச்சுக்குவோம். அப்ப லிட்டர் 20,000 ரூபாய். சமையல் சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் 200 ரூபாய்னு வச்சுக்குவோம். 100 மடங்கு வித்தியாசம். அந்த 100 மடங்குக்கு பாட்டில் அழகு, மணம், அரிதான செடியோட கதை எல்லாம் கிடைக்கும். அது பிடிச்சு வாங்குறீங்கன்னா தப்பே இல்ல, உங்க காசு. தோல் சுவருக்கு 100 மடங்கு நல்லது நடக்கும்னு நினைச்சு வாங்காதீங்க.

காஸ்ட்லி பாட்டிலா இருந்தாலும் பின்பக்கத்துல பொருட்களோட பட்டியல் இருக்கும். அளவு அதிகமானது முதல்ல வரும். முன்பக்கம் பெருசா "ஆர்கன்"னு போட்டிருந்தும் பட்டியல்ல அது ஏழாவது இடத்துல இருந்தா, நீங்க வாங்குறது முதல் இடத்துல இருக்கிற பொருளை. "ஹீலியாந்தஸ் ஆன்னுவஸ்"னு லத்தீன்ல கம்பீரமா இருக்கா? அது நம்ம சூரியகாந்திதான். "பாரஃபினம் லிக்விடம்"னு இருந்தா அது மினரல் ஆயில். பல பேபி ஆயில்கள்ல முதல் பொருள் அதுதான்.

குழந்தை விஷயத்துல மட்டும் விளையாட வேணாம்

இன்னைக்கு எபிசோட்ல நீங்க ஒரே ஒரு பகுதியை மட்டும் வீட்ல ஃபார்வர்ட் பண்றதா இருந்தா, இதைப் பண்ணுங்க. கேக்குறவங்கள்ல நிறைய பேர் இப்ப புதுசா அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை ஆயிட்டிருக்கீங்க.

பச்சிளம் குழந்தையோட தோல் சுவர் இன்னும் உறுதியாகிட்டே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு அது ரொம்பவே பலவீனம். அந்தச் சுவர் வழியா கிருமி ரத்தத்துக்குள்ள போயிட்டா உயிருக்கே ஆபத்து. டாக்கா சிசு மருத்துவமனையில 33 வாரத்துக்கு முன்னாடியே பிறந்த குழந்தைகளை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு. 2005-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. மொத்தம் 497 குழந்தைகள். சூரியகாந்தி விதை எண்ணெய் பூசின குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில தொத்துற கிருமித் தாக்குதல் வர்ற வாய்ப்பு, எதுவும் பூசாத குழந்தைகளைவிட 41 சதவீதம் குறைவா இருந்துச்சு. 2008-ல வந்த அடுத்த அறிக்கையில உயிரிழப்பும் 26 சதவீதம் குறைஞ்சதா சொன்னாங்க. அங்க பயன்பட்டது ஒரு சாதாரண சமையல் விதையோட எண்ணெய்.

வட இந்தியா, வங்கதேசம், நேபாளம் பக்கம் காலங்காலமா குழந்தைக்குக் கடுகு எண்ணெய்தான் தேய்க்கிறாங்க. அதே ஆராய்ச்சியாளர்கள் அதுக்கு முன்னாடி சுண்டெலிகளோட தோல்ல சோதிச்சப்போ, சூரியகாந்தி எண்ணெய் சேதமான சுவரை வேகமா சரிபண்ண உதவுச்சு. கடுகு எண்ணெய் அதைத் தாமதப்படுத்துச்சு. ஆலிவ் எண்ணெயும்தான். ரெண்டுமே நூத்துக்கு நூறு நேச்சுரல்.

உடனே "அப்ப எல்லாக் குழந்தைக்கும் சூரியகாந்தி"ன்னு கிளம்பிடாதீங்க. மான்செஸ்டர்ல நிறைமாதத்துல பிறந்த ஆரோக்கியமான 115 குழந்தைகளை வச்சு 2016-ல ஒரு ஆராய்ச்சி வெளியாச்சு. ஆலிவ், சூரியகாந்தி, எண்ணெயே வேணாம்னு மூணு குழு. எண்ணெய் போட்ட ரெண்டு குழுவுலயும் ஈரப்பதம் கூடுச்சு. ஆனா சிமென்ட் அடுக்கு ஒழுங்காகிற வேகம், எதுவும் போடாத குழந்தைகளைவிடக் குறைவா இருந்துச்சு. நல்லா இருக்கிற குழந்தைத் தோலுக்கு எண்ணெய் கட்டாயம் இல்ல. மசாஜ் உங்க வீட்டு வழக்கம்னா, கொஞ்சமா, வாசனை சேர்க்காத எண்ணெயா, தோல் நல்லா இருக்கும்போது மட்டும். குறைமாதக் குழந்தைக்கு எதைப் பூசுறதா இருந்தாலும் டாக்டர் சொன்னா மட்டும்.

இன்னும் மூணு விஷயம், இதுல சமரசமே கிடையாது.

முதல் விஷயம், மூக்குல எண்ணெய் விடுறது. நம்ம ஊர்ல எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டும்போது மூக்குலயும் தொண்டையிலயும் ரெண்டு சொட்டு விடுற பழக்கம் இன்னும் இருக்கு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிட்டா "லிபாய்டு நிமோனியா"ன்னு ஒரு மோசமான நுரையீரல் பாதிப்பு வரும். தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி ஆகுறதைப் பத்தி 1973-லயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல கட்டுரை வந்திருக்கு. பாட்டி அன்போடதான் செய்றாங்க, சந்தேகமே இல்ல. அதே அன்போட, நீங்க தடுத்துடுங்க. எண்ணெய் தோலோட நிக்கட்டும்.

ரெண்டாவது, வேப்பெண்ணெய். குழந்தைக்கு ஒரு சொட்டுகூட வாய்க்குள்ள போகக் கூடாது. வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுத்த குழந்தைகளுக்கு மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டதை மலேசியாவுல இருந்து 1981-ல லான்செட்ல எழுதினாங்க. தோல்ல தேய்ச்சாலும் குழந்தை கையை வாயில வைக்கும், அதையும் யோசிச்சுக்கோங்க.

மூணாவது, கடலை எண்ணெய். கரப்பான் வந்து வெடிச்சிருக்கிற தோல்ல அதைப் போடாதீங்க. இங்கிலாந்துல ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு ஆராய்ச்சி 2003-ல வந்துச்சு. தடிப்பும் சொறியுமா இருந்த தோல்ல கடலை எண்ணெய் கலந்த க்ரீம் பூசினதுக்கும், பின்னாடி வேர்க்கடலை ஒவ்வாமை வந்ததுக்கும் தொடர்பு இருந்துச்சு. சுவர் உடைஞ்ச இடம் வழியா புரதம் உள்ள போனா, உடம்பு அதை எதிரியா பதிவு பண்ணிக்க வாய்ப்பு இருக்கு. செக்குல ஆட்டின நல்லெண்ணெய்க்கும் இதே ஜாக்கிரதை வேணும், ஏன்னா எள் ஒவ்வாமையும் இருக்கு.

பரு, பொடுகு, வெயில்

இப்ப பெரியவங்க முகத்துக்கு வருவோம். பரு அதிகம் இருக்கிறவங்களோட தோல் எண்ணெய்ல லினோலெயிக் குறைவா இருக்கிறதை 1980-கள்லயே கவனிச்சிருக்காங்க. லினோலெயிக் ஆசிட்டை ஒரு மாசம் பூசினப்போ, பரு ஆகுறதுக்கு முந்தைய நிலையில இருக்கிற சின்ன அடைப்புகள் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சதுன்னு 1998-ல ஒரு ஆராய்ச்சி சொல்லுது. அதனால "பரு இருந்தா எந்த எண்ணெயும் ஆகாது"ன்னு சொல்றதும் முழு உண்மை இல்ல. அதே நேரம் விதை எண்ணெய் பருவுக்கு மருந்தும் இல்ல. டாக்டர் கொடுத்த க்ரீமை நிறுத்திட்டு இதைப் போடாதீங்க. மருந்தால காய்ஞ்சு போற தோலுக்கு மேல, டாக்டரைக் கேட்டுட்டு, லினோலெயிக் எண்ணெய் ரெண்டு சொட்டு போட்டுப் பாக்கலாம்.

ஆனா ஒரு வகைக் கட்டி இருக்கு. நெத்தியிலயும் முதுகுலயும் ஒரே அளவுல, அரிப்போட, வேர்த்தா அதிகமாகுற கட்டி. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இது சகஜம். அதுவும் பொடுகும் மலசீசியாங்கிற ஒரே பூஞ்சையோட வேலை. அந்தப் பூஞ்சைக்கு சாப்பாடே கொழுப்பு அமிலங்கள்தான். நம்ம பட்டியல்ல இருக்கிற எண்ணெய்கள் பெரும்பாலும் அதுக்கு விருந்து. பொடுகு இருக்கிற தலையில ராத்திரி முழுக்க எண்ணெய் ஊற வைக்கிறது, அந்த விருந்துக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி.

அப்புறம், வெயில். "ராஸ்பெர்ரி விதை எண்ணெய்ல எஸ்பிஎஃப் 28-ல இருந்து 50"னு ஒரு தகவல் சுத்திட்டு இருக்கு. நம்பாதீங்க. ஆய்வகத்துல ஒரு திரவம் எவ்வளவு கதிரை உறிஞ்சுதுன்னு அளக்குறது வேற, மனுஷத் தோல்ல மெல்லிசா பூசி அளக்குற எஸ்பிஎஃப் வேற. எந்த விதை எண்ணெயும் சன்ஸ்க்ரீனுக்கு மாற்று கிடையாது.

எண்ணெய்க்கும் எக்ஸ்பைரி உண்டு

லினோலெயிக் எண்ணெய்க்கு ஒரு பலவீனம்: சீக்கிரம் கெடும். காத்துல இருக்கிற ஆக்சிஜனோட ஒலெயிக் வினை புரியற வேகத்தைவிட, லினோலெயிக் பத்து மடங்கு போல வேகமா புரியும். ரோஸ்ஹிப்ல இருக்கிற ஆல்ஃபா லினோலெனிக் அதைவிட வேகம். சிலர் வீட்ல சிக்கு வாடைன்னு சொல்வாங்க, சிலர் வீட்ல காறல் வாடைன்னு சொல்வாங்க, அதுதான் இந்த வினையோட அடையாளம். அப்படிக் கெட்ட எண்ணெய்ல உண்டாகுற பொருட்கள் தோலை எரிச்சல் பண்ணும். நல்லெண்ணெய் மட்டும் இதுல கெட்டிக்காரன். எள்ளுல இருக்கிற செசமால், செசமோலின் மாதிரி பொருட்கள் அதைக் கெடாம காப்பாத்துது.

அதனால சின்ன பாட்டிலா வாங்குங்க, இல்ல பாக்கெட் பிரிச்சதும் 50 மில்லியை அடர் நிறக் கண்ணாடி பாட்டில்ல தனியா எடுத்து வைங்க. பாத்ரூம் ஹீட்டர் பக்கத்துலயும் ஜன்னல் ஓரத்துலயும் வேணாம். ரோஸ்ஹிப் வாங்கினா ஃபிரிட்ஜ்ல வைங்க. வாசனை மாறினா யோசிக்காம கொட்டிடுங்க. முக்கியமா, பஜ்ஜி போட்ட எண்ணெயைச் சொல்லல மக்களே, புதுசா பிரிச்சதைச் சொல்றேன்.

எப்படிப் போடுறது

எண்ணெய்ல தண்ணி கிடையாது. அதனால அது தானா தோலை ஈரமாக்காது, இருக்கிற ஈரத்தைப் போக விடாம பிடிச்சு வைக்கும். குளிச்சு, துண்டால ஒத்தி எடுத்து, தோல் இன்னும் லேசா ஈரமா இருக்கும்போது போடுங்க. முகத்துக்கு ரெண்டு, மூணு சொட்டு போதும். அரை மணி நேரம் கழிச்சும் முகம் பளபளன்னு இருந்தா, அளவு அதிகம்னு அர்த்தம்.

ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற வேலையில மட்டும் பாத்தா, விதை எண்ணெய்கள் சாம்பியன் இல்ல. சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, தோல்ல இருந்து போற தண்ணியை 98 சதவீதம் வரைக்கும் தடுக்கும். எண்ணெய்கள் 20, 30 சதவீதம்தான். குதிகால் வெடிப்புக்கு ஆர்கன் ஆயில் தேடிப் போக வேணாம், அந்த ஜெல்லி போதும்.

புது எண்ணெயா இருந்தா முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் காசு அளவு இடத்துல, ஒரு வாரம், தினம் ரெண்டு வேளை போட்டுப் பாருங்க. அரிப்பு, சிவப்பு, தடிப்பு எதுவும் இல்லைன்னா முகத்துக்கு வாங்க. நாங்க புது கோடை முதல்ல டெஸ்ட் சர்வர்ல ஓட்டிப் பாக்குற மாதிரிதான். முகம் உங்க புரொடக்ஷன் சர்வர், நேரா அங்க போய் சோதனை பண்ணாதீங்க.

இன்னொண்ணு, லாவெண்டர், டீ ட்ரீ, லெமன் மாதிரி எசென்ஷியல் ஆயிலை இதோட குழப்பிக்காதீங்க. அது கொழுப்பு இல்ல, செடியில இருந்து எடுக்கிற செறிவான வாசனைப் பொருள். சுவரைக் கட்ட உதவாது, ஒவ்வாமைக்குப் பேர் போனது. "நேச்சுரல் ஆயில்"னு வாங்கி எரிச்சல் வந்துச்சுன்னா, பட்டியல்ல லிமோனீன், லினலூல்னு பேர்கள் இருக்கான்னு பாருங்க. விதை எண்ணெய் மேல தப்பே இருக்காது, அதுல கலந்த வாசனையாலகூட எரிச்சல் வந்திருக்கலாம்.

சரி, இன்னைக்கு வீட்டுப்பாடம். உங்க வீட்டு எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பி, மோனோ எவ்வளவு, பாலி எவ்வளவுன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஹை ஒலெயிக் சூரியகாந்தி யார் வீட்ல இருக்குன்னு பாப்போம். வீட்ல சின்னக் குழந்தை இருந்தா, மூக்குல எண்ணெய் விடுற விஷயத்தை மட்டும் இன்னைக்கே பேசிடுங்க, அது அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

அடுத்த எபிசோட்ல சன்ஸ்க்ரீன் லேபிளைப் பிரிச்சு மேயலாம்.